ஐஸ் குச்சிப் பாலம்: 60 செ.மீ. இடைவெளி, 200 குச்சி, 40 கிலோ. எப்படிக் கட்டலாம்?

வேளச்சேரி_அம்மா

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளிகளுக்கிடையே பாலம் கட்டும் போட்டி. விதிகள் இவை. 114 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம் உள்ள சாதா ஐஸ் குச்சி, அதிகபட்சம் 200. பசை எதுவும் போடலாம். நூல், கம்பி, ஆணி கூடாது. இரண்டு மேசைக்கு நடுவே 60 செ.மீ. இடைவெளி. பாலத்துக்குள் 7 செ.மீ. அகலத்துக்கு பொம்மைக் கார் போக வழி இருக்க வேண்டும். நடுவில் கொக்கி மாட்டி உடையும் வரை எடை ஏற்றுவார்கள். தாங்கிய எடையைப் பாலத்தின் எடையால் வகுத்தால் வருவதுதான் மதிப்பெண்.

40 கிலோவாவது தாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். யூடியூபில் காட்டுவதெல்லாம் 15 செ.மீ. ஜம்போ குச்சியில். இந்த அளவுக்கு எந்த டிசைன் சரி, குச்சிகளை எங்கே அதிகம் போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்டி_சிவில்

மேடம், டிசைனுக்கு முன்னால் ஒரு குச்சியால் என்ன முடியும் என்பதைப் பாப்பா தெரிந்துகொள்ளட்டும். மற்ற எல்லா முடிவும் அதிலிருந்துதான் வரும்.

குச்சியை நீளவாக்கில் இழுத்தால் லேசில் அறாது. வெட்டுமுகம் 20 சதுர மி.மீ. சதுர மி.மீட்டருக்கு 50 நியூட்டன் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் 1000 நியூட்டன் வருகிறது, அதாவது சுமார் 100 கிலோ. அதே குச்சியை நட்டுக்குத்தலாக நிறுத்தி மேலிருந்து அமுக்கிப் பாருங்கள். மரம் நசுங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே பக்கவாட்டில் வளைந்துவிடும். இதற்கு ஆய்லர் சூத்திரம் இருக்கிறது: π-இன் வர்க்கம் × மரத்தின் மீள்குணகம் (விறைப்பின் அளவு) × வெட்டுமுகத்தின் இரண்டாம் திருப்புத்திறன் (அகலம் × கனத்தின் மூன்றாம் படி ÷ 12), இதை நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மீள்குணகத்தை 10,000 நியூட்டன்/சதுர மி.மீ. என்று வைத்தால், 10 செ.மீ. நீளக் குச்சி தாங்குவது 66 நியூட்டன். 7 கிலோ கூட இல்லை.

இழுத்தால் 100, அமுக்கினால் 7. பாலம் உடைவதன் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டு எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

சூத்திரத்தில் கனம் மூன்றாம் படியில் வருகிறது. இரண்டு குச்சியை முகத்தோடு முகம் முழுக்க ஒட்டினால் பலம் 8 மடங்கு, 53 கிலோ. மூன்று ஒட்டினால் 27 மடங்கு, 180 கிலோ. ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெறும் 2 மடங்கு, 3 மடங்குதான். நடுவில் பசை படாத இடம் இருந்தால் அந்த இடத்தில் அவை தனித்தனிக் குச்சிகளே. நீளமோ வர்க்கத்தில் வருகிறது: பாதியானால் 4 மடங்கு பலம், இரட்டிப்பானால் கால் பங்கு.

ஆகவே அமுக்கம் வரும் இடத்தில் குச்சியைக் கனமாக்கு, நீளத்தைக் குறை. இழுவிசை வரும் இடத்தில் ஒற்றைக் குச்சி போதும், அங்கே கவனம் ஜாயின்டில். எல்லா இடத்திலும் சமமாக இரண்டிரண்டு போடுவது எடையைத்தான் கூட்டும்.

பெரம்பூர்_ஆசாரி

சார் சொன்ன கணக்கு குச்சி நேராக இருந்தால்தான். அம்மா, முதல் வேலை குச்சி பொறுக்குவது. 200 வேண்டும் என்றால் 300 வாங்குங்கள். பாரிமுனையில் ஸ்டேஷனரி மொத்தக் கடைகளில் கட்டாகவே கிடைக்கும், ஒரே கட்டில் எடுத்தால் கனம் ஒத்துவரும். கலர் குச்சி வேண்டாம், சாயம் பசையைப் பிடிக்க விடாது. சாப்பிட்டு முடித்த குச்சியும் வேண்டாம், சர்க்கரை ஊறியிருக்கும்.

தரையில் டைல்ஸ் மேல் ஒவ்வொன்றாக வைத்து விரலால் ஒரு முனையைத் தட்டுங்கள். ஆடினால் அது முறுக்கு. பிறகு குச்சியை வெளிச்சத்தில் பிடித்து நார் ஓட்டத்தைப் பாருங்கள். கோடுகள் ஓரத்துக்கு இணையாக இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போக வேண்டும். சாய்வாக ஓடி ஓரத்தில் முடிந்தால் அந்தச் சாய்விலேயே பிளக்கும். கடைசியாக இரு கையாலும் லேசாக வளையுங்கள், கிரீச் என்றால் தள்ளிவிடுங்கள்.

பத்துப் பத்தாக அடுக்கி ஸ்கேல் வைத்து அளங்கள். 20 மி.மீ. வர வேண்டும். 18 வந்தால் ஒவ்வொன்றும் 1.8 மி.மீ. தான். பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் மூன்றாம் படி கணக்கில் கால் பங்குக்கு மேல் பலம் போச்சு. அப்படிப்பட்டதை இழுவிசை இடத்துக்கு ஒதுக்குங்கள். சுத்தமானது மேல் சட்டத்துக்கு, அதாவது பாலத்தின் மேல் விளிம்பில் நீளவாக்கில் ஓடும் வரிசைக்கு. வளைந்ததைத் துண்டு போட்டு அடைப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெட்டுவதற்கு நகவெட்டி, கட்டிங் பிளையர் எல்லாம் கூடாது. கடித்துத் துண்டாக்கும், நார் நசுங்கி உள்ளே விரிசல் ஓடிவிடும், கண்ணுக்கே தெரியாது. கட்டர் பிளேடால் இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறி உடையுங்கள், அல்லது பல் நெருக்கமான ஹாக்ஸா பிளேடால் அறுங்கள். வெட்டின முனையை 120 நம்பர் உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு. ஒட்டும் முகத்தையும் அதே தாளில் லேசாகத் தேய்த்தால் ஆலையில் வந்த வழவழப்பு போகும்.

வேளச்சேரி_அம்மா

நன்றி சார், நன்றி அண்ணா. மகள் பிராட் டிரஸ் (மேலும் கீழும் நீளச் சட்டம், நடுவில் நேர்க்குச்சியும் சாய்வுக்குச்சியும் உள்ள பாலச் சட்டகம்) வரைந்து வைத்திருக்கிறாள். 10 செ.மீ.க்கு ஒரு நேர்க்குச்சி, உயரம் 10 செ.மீ. சாய்வுக் குச்சி 14 செ.மீ. வருகிறது, எட்டவில்லை. இரண்டு குச்சியை இணைத்துப் போடலாமா?

கிண்டி_சிவில்

போடலாம், ஆனால் வேண்டாம். ஒவ்வொரு இணைப்பும் ஒரு பலவீனம், மேல் எடை வேறு. குச்சியின் நீளத்துக்கு டிசைனை மாற்றிக்கொள்வதே சரி. 114 மி.மீ. குச்சிக்கு அளந்து செய்தது போல் பொருந்துவது வாரன் டிரஸ்: 10 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணங்கள். குச்சிகள் சேரும் இடத்தை முனை என்கிறேன். முனை மையத்திலிருந்து முனை மையம் 100 மி.மீ., இரண்டு பக்கமும் தலா 7 மி.மீ. மிச்சம். உயரம் 8.66 செ.மீ. வரும்.

60 செ.மீ.க்கு கீழே 7 முனை (0, 10, 20 … 60), மேலே 6 முனை (5, 15 … 55). சாய்வுக் குச்சி 12. இப்போது 40 கிலோவை நடுக் கீழ் முனையில் தொங்கவிடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பக்க டிரஸ்சுக்கும் தலா 20, ஒவ்வொரு ஊன்றுகோடிக்கும் (மேசையில் ஊன்றும் கோடி) 10 கிலோ.

மேல் சட்டம்: நடுப் பகுதியில் அமுக்கம் 10 × 30 ÷ 8.66 = 34.6 கிலோ. அதற்கு அடுத்த கட்டத்தில் 23, ஓரத்தில் 11.5.

கீழ் சட்டம்: நடுவில் இழுவிசை 29, அடுத்து 17, ஓரத்தில் 6 கிலோவுக்குள்.

சாய்வுக் குச்சிகள்: எல்லாவற்றிலும் அதே 11.5 கிலோ. ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று அமுக்கம், இழுவிசை. ஊன்றுகோடியிலிருந்து மேலேறும் முதல் குச்சி அமுக்கம், அடுத்து இறங்குவது இழுவிசை, இப்படியே போய் நடு முனையில் இறங்கும் இரண்டும் இழுவிசை. ஆக 6 அமுக்கம், 6 இழுவிசை.

ஒற்றைக் குச்சி 7 கிலோவில் நெளியும் என்று பார்த்தோம். அமுக்கம் வரும் அந்த 6 குச்சியையும் இரட்டையாக்கியே தீர வேண்டும். இழுவிசை குச்சி ஒற்றையாகவே இருக்கட்டும். மேல் சட்டம் இரட்டையாக இருந்தாலே 53 கிலோ தாங்கும், தேவை 35. ஆனாலும் மூன்றடுக்காகப் போடுங்கள். கையால் செய்யும் வேலையில் சட்டம் நூல் பிடித்தாற்போல் நேராக அமையாது, ஏற்கெனவே இருக்கும் வளைவு பலத்தைக் குறைக்கும்.

மயிலை_இயற்பியல்

பிராட்டை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டியதில்லை. 7 செ.மீ. கட்டம், 7 செ.மீ. உயரம் என்று வைத்தால் சாய்வு 9.9 செ.மீ., குச்சி எட்டுகிறது. பிராட்டில் நீளமான சாய்வுகள் இழுவிசையிலும் குட்டையான நேர்க்குச்சிகள் அமுக்கத்திலும் இருக்கும். நீங்கள் சொன்ன ஆய்லர் கணக்குக்கு இதுதான் பொருத்தம். 1844-இல் தாமஸ் பிராட்டும் அவர் தந்தை கேலப் பிராட்டும் காப்புரிமை வாங்கியதும் இந்த ஏற்பாட்டுக்குத்தான். 1840-இன் ஹவ் டிரஸ் நேர்மாறு: மரச் சாய்வு அமுக்கத்தில், இரும்புக் கம்பி இழுவிசையில். மரத்தை இழுவிசையில் இணைப்பது அந்தக் காலத்தில் கஷ்டம். பசை வந்த பிறகு நமக்கு அந்தத் தடை இல்லை. வாரன் 1848.

கிண்டி_சிவில்

சார், கோட்பாட்டில் நீங்கள் சொல்வது சரி. இந்த விதிக்குள் மூன்று சிக்கல் வருகிறது. உயரம் 8.66-இலிருந்து 7-க்கு இறங்கினால் மேல் சட்டத்தின் அமுக்கம் 34.6-இலிருந்து 43 கிலோவாகக் கூடுகிறது. 60-ஐ 7-ஆல் வகுத்தால் கட்டம் சமமாக வராது, 7.5 ஆக்கினால் சாய்வு 10.3, ஒட்டிடம் குறைகிறது. முக்கியமாக, பிராட்டில் ஒரே முனையில் சாய்வும் நேரும் சட்டமும் மூன்றும் வந்து சேரும், கட்டங்களும் கூடுதல். பசை ஜாயின்ட் எண்ணிக்கை கூடக் கூடத் தவறு நடக்கும் இடமும் கூடும். ஜம்போ குச்சி அனுமதி இருந்தால் நானும் பிராட்தான் சொல்லியிருப்பேன்.

மயிலை_இயற்பியல்

ஜாயின்ட் எண்ணிக்கை வாதத்தை ஏற்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு வாரனே நல்லது. வரைந்து விசை கண்டுபிடிப்பதும் சுலபம்.

பெரம்பூர்_ஆசாரி

இப்போ கட்டுகிற முறை. சாய்வுக் குச்சியைச் சட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் விசை கோணலாகப் போகும், பாலம் முறுக்கும், ஜாயின்ட் உரிந்து வரும். பசை ஜாயின்டை வழுக்குகிற திசையில் இழுத்தால் நன்றாகத் தாங்கும், உரிக்கிற திசையில் தாங்காது. அதனால் சாய்வுக் குச்சி நடுவில், சட்டம் இரண்டு பக்கமும். இரண்டு முகத்திலும் பசை.

1. சார்ட் பேப்பரில் முழு அளவுக்கு டிரஸ் வரையுங்கள், மையக் கோடும் குச்சி அகலமும். மேலே கண்ணாடி பாலித்தீன் விரித்து செல்லோ டேப் போடுங்கள். வெள்ளைப் பசை பாலித்தீனில் பிடிக்காது.

2. சட்டத்துக்கான குச்சிகளின் வட்ட முனைகளை வெட்டிச் சரியாக 100 மி.மீ. ஆக்குங்கள். வட்ட முனையோடு முட்ட வைத்தால் நடுவில் பொந்து விழும். மூலைமட்டம் வைத்து வெட்டு சதுரமாக இருக்கிறதா பாருங்கள்.

3. முதல் அடுக்கு: கீழ் சட்டம் இரண்டு கோடியிலும் 3 செ.மீ. நீண்டு மொத்தம் 66 செ.மீ., மேல் சட்டம் 52 செ.மீ. இந்த அடுக்கில் குச்சிகள் சேரும் இடம் முனைகளில் வரட்டும்.

4. அதன் மேல் 12 சாய்வுக் குச்சி. இரண்டு சாய்வு ஒரே முனையில் முட்டும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது, இரண்டையும் சாய்வாக வெட்டி முகம் பொருத்துங்கள். மேல் முனையில் கூரையின் கூம்பு போல் சேர வேண்டும். ஒரு நூல் இடைவெளி விட்டாலும் அமுக்கம் பசைக்குப் போகும், மரத்துக்கு மரம் தொட்டால் மரமே தாங்கும்.

5. முனைகளுக்கு நடுவில் சட்டத்தில் 2 மி.மீ. பள்ளம் இருக்கும். அதை அளவுக்கு வெட்டின துண்டால் அடையுங்கள். இதுதான் சார் சொன்ன மூன்றாவது அடுக்கு, தனியாக எடை கூட்டத் தேவையில்லை.

6. மேல் அடுக்கு. முதல் குச்சியைப் பாதியாக வெட்டித் தொடங்குங்கள், அப்போதுதான் இந்த அடுக்கின் சேர்க்கை முனையில் வராமல் நடுக்கட்டத்தில் வரும். செங்கல் அடுக்குகிற மாதிரி. இரண்டு அடுக்கின் சேர்க்கையும் ஒரே இடத்தில் வந்தால் கீழ் சட்டம் அங்கேயே அறும்.

7. நடுக் கீழ் முனையில் மட்டும் வெளிப்பக்கம் ஒரு முழுக் குச்சி கூடுதலாக ஒட்டுங்கள். இழுவிசை அதிகம் வருகிற இடமும் கொக்கி தொங்குகிற இடமும் அதுதான், கீழ் அடுக்கின் சேர்க்கையும் அங்கேதான் விழுகிறது.

8. அமுக்கம் வருகிற 6 சாய்வுக்கும் இரட்டைக் குச்சி. இரண்டு சட்டத்துக்கும் இடையில் வெளியே தெரிகிற நீளம் சுமார் 88 மி.மீ. அந்த அளவுக்கு வெட்டி முழு நீளமும் பசை போட்டு மேலே படுக்க வையுங்கள். இரண்டு முனையும் சட்டத்தைத் தொட வேண்டும்.

இரண்டாவது டிரஸ்ஸையும் அதே படத்தின் மேல்தான் கட்ட வேண்டும். தனிப் படம் வரைந்தால் கொஞ்சம் பிசகும், பிறகு இரண்டையும் நிறுத்தும்போது ஒரு கால் தூக்கும்.

ஒரு டிரஸ்சுக்குச் சுமார் 55 குச்சி, இரண்டுக்கு 110.

அம்பத்தூர்_வொர்க்‌ஷாப்

இவ்வளவு நேரம் காய வைப்பதற்கு பதில் ஹாட் குளூ கன் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமே? இல்லை என்றால் ஃபெவிக்விக்.

பெரம்பூர்_ஆசாரி

ஹாட் குளூ மரத்துக்குள் ஊறாது, மேலே ரப்பர் மாதிரி உட்காரும். இரண்டு குச்சிக்கு நடுவில் தடிமனாக நின்று, எடை ஏற ஏற மெல்ல நகரும். நம்ம ஊர் மே மாதத்தில் மூடின காருக்குள் வைத்தால் இன்னும் இளகும். எடையும் அதிகம், மதிப்பெண் எடையை வைத்துத்தானே.

ஃபெவிக்விக் போன்ற சயனோ பசை உடனே பிடிக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி விறைப்பு. எடை போடும்போது வருகிற சின்ன அதிர்ச்சிக்கே விட்டுவிடும். இடத்தில் நிறுத்த ஒரு பொட்டு வைக்கலாம், அவ்வளவுதான். எபாக்ஸி பலம்தான், கனம் கூடும், ஐஸ் குச்சிக்கு அவ்வளவு தேவையில்லை. மரம்தான் முதலில் கிழியப் போகிறது.

கிண்டி_சிவில்

ஒட்டிட அளவையும் சொல்லிவிடுகிறேன். 60 டிகிரி சாய்வில் குச்சி சட்டத்தைக் கடக்கும் பரப்பு சுமார் 115 சதுர மி.மீ. முனையைச் சீவிய பிறகு 90 என்று வையுங்கள். இரண்டு முகம், 180. கையால் ஒட்டிய வெள்ளைப் பசைக்குச் சதுர மி.மீ.க்கு 2 நியூட்டன் என்று எச்சரிக்கையாக எடுத்தாலும் 360 நியூட்டன், 36 கிலோ. தேவை 11.5. மூன்று மடங்கு பாதுகாப்பு இருக்கிறது. ஒரே முகத்தில் ஒட்டினால் 18 கிலோ, அதுவும் உரியும் விசையோடு.

பெரம்பூர்_ஆசாரி

அந்த 2 நியூட்டன் வர வேண்டும் என்றால் பசை போடும் விதம் சரியாக இருக்க வேண்டும். தச்சு வேலைக்கான வெள்ளை ஃபெவிகால் போதும், தண்ணீர் கலக்காதீர்கள். இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவி, ஒரு குச்சி ஓரத்தால் வழித்துவிடுங்கள். மரத்தின் நிறம் பசைக்கு அடியில் மங்கலாகத் தெரிய வேண்டும். சேர்த்து லேசாக முன்னும் பின்னும் நகர்த்தினால் காற்று வெளியேறும், அப்போது ஒரு பிடிப்பு கைக்குத் தெரியும். உடனே கிளிப். ஓரம் முழுக்கக் கடுகு அளவு மணி மணியாகப் பசை பிதுங்கினால் சரியான அளவு. ஒழுகினால் அதிகம், ஒரு பக்கம் மணியே இல்லை என்றால் அங்கே பசை சேரவில்லை. பிதுங்கியதை ஈரத் துணியால் அப்போதே துடையுங்கள், காய்ந்தால் வீண் எடை.

துணி கிளிப் ஜாயின்டுக்குப் போதும். சட்டத்தின் நீளத்துக்கு 19 மி.மீ. பைண்டர் கிளிப், 3 செ.மீ.க்கு ஒன்று. 45 நிமிடம் கழித்து கிளிப் எடுக்கலாம், ஆனால் முழு பலம் வர 24 மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும், அப்போது 48 மணி நேரம் விடுங்கள். ஃபேன் காற்றில் காய வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து வில்லாகிவிடும்.

வேளச்சேரி_அம்மா

காய்ந்த பிறகு டிரஸ் முறுக்கிக்கொண்டால் என்ன செய்வது, அண்ணா?

பெரம்பூர்_ஆசாரி

முறுக்குவது பசையில் இருக்கும் தண்ணீரால்தான். ஒரு முகம் ஊறி விரியும், மறு முகம் காய்ந்து இருக்கும். தடுக்கிறது சுலபம்: கிளிப் எடுத்த உடனே இரண்டு தட்டையான பலகைக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். காய்ந்த பிறகு கோடியில் 2 மி.மீ.க்குள் தூக்கினால் விட்டுவிடலாம், குறுக்குக் குச்சிகள் ஒட்டும்போது நேராகும். அதற்கு மேல் என்றால் குழிந்த பக்கத்தை ஈரத் துணியால் ஒற்றி, எதிர்ப் பக்கம் கொஞ்சம் வளைத்து, பாரம் வைத்து ஒரு நாள் விடுங்கள்.

வேளச்சேரி_அம்மா

இரண்டு டிரஸ்ஸையும் 8 செ.மீ. மையத் தூரத்தில் நிறுத்தினால் உள்ளே 7.4 கிடைக்கிறது, கார் போகும். மேலே பெருக்கல் குறி மாதிரி குச்சி போடலாம் என்றால் 12.8 செ.மீ. வேண்டும், எட்டவில்லை. நேர்க் குறுக்குக் குச்சி மட்டும் போதுமா?

கிண்டி_சிவில்

போதவே போதாது. 40 கிலோவைத் தீர்மானிக்கப் போகும் இடம் இதுதான்.

மேல் சட்டம் மூன்றடுக்கு, 10 செ.மீ.க்கு 180 கிலோ என்று சொன்னேன். அந்த 10 செ.மீ. என்பது பக்கவாட்டில் அசையாத இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம். பக்கவாட்டில் பிடிமானமே இல்லை என்றால் நெளியும் நீளம் முழு 50 செ.மீ. ஐந்து மடங்கு நீளம், இருபத்தைந்தில் ஒரு பங்கு பலம்: 7 கிலோ! அவ்வளவு பாடுபட்டு ஒட்டிய சட்டம் ஒற்றைக் குச்சியின் நிலைக்கு வந்துவிடும். நேர்க் குறுக்குக் குச்சி மட்டும் போட்டால் இரண்டு சட்டமும் கைகோத்துக்கொண்டு ஒரே பக்கம் சாயும், செவ்வகம் இணைகரமாகும். முக்கோணம் வேண்டும்.

பெருக்கல் குறி எட்டவில்லை என்றால் வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் கோடு போடுங்கள். இடது டிரஸ்ஸின் முனையிலிருந்து வலது டிரஸ்ஸின் நடுக்கட்டத்துக்கு, அங்கிருந்து இடதின் அடுத்த முனைக்கு. ஒவ்வொரு அடியும் 5 செ.மீ. முன்னே, 8 செ.மீ. குறுக்கே: நீளம் 9.4. 114 மி.மீ. குச்சியில் இரண்டு பக்கமும் 1 செ.மீ. ஒட்டிடம் கிடைக்கிறது. மேலே 10, கீழே 12. முனைகளில் நேர்க் குறுக்கு மேலே 6, கீழே 7. மொத்தம் 35. இதோடு 145 குச்சி, மீதம் இருப்பது தவறு நடந்தால் மாற்ற.

ஒட்டுவதற்கு முன் சட்டத்தின் மேல் விளிம்பு மூன்று அடுக்கும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். பலகையில் உப்புத்தாளை ஒட்டி, டிரஸ்ஸை நிறுத்தித் தேய்த்தால் சமமாகும்.

இரண்டு கோடியிலும் கார் நுழையும் வாசல் இருக்கிறதே, அங்கே பாலம் பக்கவாட்டில் ஆடும். வாசலின் இரண்டு மேல் மூலையிலும் 4 செ.மீ. துண்டை 45 டிகிரியில் முட்டுக் கொடுங்கள். காருக்கு இடைஞ்சல் வராது.

மயிலை_இயற்பியல்

இதை மகளுக்குக் கையில் காட்டலாம். குறுக்குக் குச்சி ஒட்டும் முன் ஒற்றை டிரஸ்ஸை இரண்டு மேசைக்கு நடுவே நிறுத்தி, மேல் சட்டத்தின் நடுவை விரலால் பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள். காகிதம் போல் அசையும். எல்லாம் ஒட்டிக் காய்ந்த பிறகு அதே விரலால் தள்ளட்டும்.

தாம்பரம்_பிளஸ்டூ

நேப்பியர் பாலம் மாதிரி மேலே வளைவு வைத்தால் அழகாகவும் பலமாகவும் இருக்காதா அண்ணா?

கிண்டி_சிவில்

தம்பி, நேப்பியர் பாலம் வில்-நாண் வகை. வளைவு வெளிப்பக்கம் உதைக்கும் விசையைக் கீழே உள்ள நாண் கட்டிப் பிடிக்கிறது. பாலம் முழுக்கப் பரவலாகச் சுமை வரும் சாலைக்கு அது பிரமாதம். இங்கே சுமை நடுவில் ஒரே புள்ளியில் தொங்குகிறது. வளைவு வளைந்தேதான் அதைத் தாங்க வேண்டியிருக்கும், குச்சிக்கு அது ஆகாது. தவிர வளைக்க வேண்டுமானால் குச்சியை ஊறவைக்க வேண்டும், காய்ந்ததும் கொஞ்சம் திரும்பி நிமிரும். புள்ளிச் சுமைக்கு நேர்க்கோட்டு முக்கோணம்தான்.

அம்பத்தூர்_வொர்க்‌ஷாப்

சரி, ஹாட் குளூவை விட்டுவிடுகிறேன். எடை ஏற்றிப் பார்க்கும் முறையை நான் சொல்கிறேன். பாலத்துக்குள், கீழ் சட்டத்தின் மேல், சரியாக நடு முனைகளில், இரண்டு டிரஸ்ஸிலும் சமமாக உட்காரும்படி 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு மரக்கட்டையைக் குறுக்கே வையுங்கள். நடுவில் துளை போட்டு 6 மி.மீ. கண் போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்), அதில் வாளி. கட்டை நடு முனையில் இல்லாமல் கட்டத்தின் நடுவில் உட்கார்ந்தால் கீழ் சட்டம் வளைந்து உடையும், டிரஸ் கணக்கெல்லாம் வீண். போட்டியில் அவர்கள் கொண்டுவரும் கட்டையின் அகலத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எடைக்குத் தண்ணீரே நல்லது. ஒரு லிட்டர் ஒரு கிலோ, அளவுக் குவளையால் மெதுவாக ஊற்றலாம், அதிர்ச்சி இருக்காது. 20 லிட்டர் கேன் தண்ணீர் போன பிறகு மீதிக்கு மணல் மூட்டை. வாளியின் அடி தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம், கீழே பழைய தலையணை. கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும், குச்சி உடைந்தால் சிராய் பறக்கும். எடைத்தராசு வேண்டும் என்றால் ரிச்சி தெருவில் 50 கிலோ வரை காட்டும் தொங்கு டிஜிட்டல் தராசு பாருங்கள்.

கிண்டி_சிவில்

ஊன்றுகோடியையும் கவனியுங்கள். மேசை விளிம்பு சரியாகக் கோடி முனைக்கு நேர் கீழே வர வேண்டும். நீண்டிருக்கும் 3 செ.மீ. வால் பாலம் நழுவாமல் இருக்கத்தான். கோடி முனையில் மட்டும் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் சின்ன முக்கோணத் துண்டு ஒட்டினால் நல்லது.

போட்டிக்குப் போகும் பாலத்தில் 10, 12 கிலோவுக்கு மேல் சோதனை வேண்டாம். அந்த எடையிலேயே மேல் சட்டத்தை ஒரு கோடியிலிருந்து கண்ணை வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் வளையப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும், அங்கே ஒரு குச்சி கூட்டலாம். ராத்திரி முழுக்கத் தொங்கவிடக் கூடாது, வெள்ளைப் பசை நீண்ட நேரச் சுமையில் மெல்ல நகரும். உடைத்தே பார்க்க வேண்டும் என்றால் இரண்டாவதாக ஒன்று கட்டி உடையுங்கள்.

உடைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். ஜாயின்ட் பிரிந்த முகத்தைப் பாருங்கள். மர நார் கிழிந்து ஒட்டியிருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, மரம்தான் விட்டது. வழவழப்பாகப் பளபளத்தால் சேர்ப்பதற்குள் பசை மேலே காய்ந்துவிட்டது, அல்லது கிளிப் அழுத்தவில்லை. மேல் சட்டம் பக்கவாட்டில் மடிந்திருந்தால் மேல் பிடிமானம் போதாது. டிரஸ் தளத்திலேயே ஒரு சாய்வு வளைந்து உடைந்திருந்தால் இரட்டைக் குச்சிக்கு நடுவில் பசை சேராத இடம் இருக்கும். கீழ் சட்டம் நேராக அறுந்திருந்தால் சேர்க்கை இரண்டும் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது.

வேளச்சேரி_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மகள் படத்தை வாரனுக்கு மாற்றி வரைந்துவிட்டாள். கடைசியாக ஒன்று: கார் ஓடத் தளம் போட மீதிக் குச்சியைப் போட்டுவிடலாமா? போட்டி நவம்பரில், மழையில் எப்படிக் கொண்டுபோவது? வார்னிஷ் அடிக்கலாமா?

பெரம்பூர்_ஆசாரி

தளம் பலம் தராது, கார் விழாத அளவுக்கு 2 செ.மீ. இடைவெளி விட்டு ஒற்றைக் குச்சிகள், முனைக்கு ஒரு பொட்டுப் பசை. நிஜமாகக் கார் ஓட்டிக் காட்டச் சொன்னால் மட்டும் சக்கரத் தடத்துக்கு நீளவாக்கில் இரண்டு வரிசை. ஒவ்வொரு குச்சியும் ஒன்றரை கிராம் கிட்ட வரும், 20 குச்சி போட்டால் பாலத்தின் எடையில் ஏழில் ஒரு பங்கு. கணக்காகப் போடுங்கள்.

வார்னிஷ் வேண்டாம், எடை. பாலம் நன்றாகக் காய்ந்ததும் அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டிக்கு இரண்டு பெரிய பிளாஸ்டிக் பை, வாயைக் கட்டிவிடுங்கள். பெட்டிக்குள் ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடலாம். கோடி முனைகள் மட்டும் பெட்டியைத் தொடட்டும், நடுவில் பழைய துணி சுருட்டி வையுங்கள். ஆட்டோவில் போனால் பெட்டி மடியில் இருக்கட்டும், சீட்டுக்குப் பின்னால் வைத்தால் சாரல் அடிக்கும்.